கொல்லையில் ஒரு காடு

(வானூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஊர்ப்புற நூலகத்தில் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்)

வாசலில் நிற்கிற தம்பிகள் உள்ளே வந்து உட்காருங்கள். பெஞ்சு காலியாகத்தான் இருக்கிறது.

உங்கள் ஊருக்குக் கிழக்கே 11 ஏக்கர் கொல்லை ஏழெட்டு வருடமாக ஏர் காணாமல் கிடக்கிறது. நான்கு குடும்பத்துப் பட்டா. பிள்ளைகள் சென்னைக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். மல்லாட்டை போட்டால் களை எடுக்க ஆள் இல்லை, பிடுங்க ஆள் இல்லை, பிடுங்கிப் போட்டதை ஆய ஆள் இல்லை. சவுக்கு வைத்துவிட்டு நான்கு வருடம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். மனை போடலாம் என்று இன்னொருவர் வாரத்துக்கு ஒருமுறை காரில் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். இதற்கு நடுவில், ஊருக்குப் பொதுவாக அதை ஒரு காடாக விட்டுவிட்டால் என்ன என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

நான் வனத்துறைக்காரன் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் கொல்லை காடாக மாறியதை என் குடும்பம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறது. அதையும், பிற்பாடு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். நிலம் உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

முதலில் ஒரு சின்னச் சொல் விவகாரம். கொங்கு நாட்டில் ஒருவர் "காட்டுக்குப் போறேன்" என்றால் புலியைப் பார்க்கப் போகிறார் என்று அர்த்தமில்லை. சோளத்துக்குக் களை வெட்டப் போகிறார். நம் பக்கம் அதையே கொல்லை என்கிறோம். சங்க இலக்கியத்தில் கொல்லை என்பது முல்லை நிலத்தில், காட்டைத் திருத்தி விதைத்த புன்செய். இங்கே முதலில் காடு இருந்தது, பிறகுதான் வரகு வந்தது என்ற விவரம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடங்கலில் மட்டும் அது இல்லை. பயிர் வைக்காத நிலத்துக்கு அங்கே ஒரே பெயர்தான்: தரிசு. சிட்டுக்குருவியும் நாவல் கன்றும் கீரியும் குடியேறி இருபது வருடம் ஆனாலும் தரிசுதான். உங்கள் 11 ஏக்கரும் இன்றைக்குத் தரிசு. அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். தெற்கு வரப்பில் ஒரு களாச் செடி காய்த்திருக்கிறது. யாரும் வைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது என் ஆயா கதை.

என் தாத்தாவுக்கு மேட்டில் மூன்று ஏக்கர் இருந்தது. இன்றைக்கு ஆரோவில் இருக்கிற மேடு. செம்மண். கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரம். கிழக்கே சரிந்தால் கடல், மேற்கே சரிந்தால் கழுவெளி. மழைக் காலத்தில் வரகு, கம்பு, மல்லாட்டை. ஓரத்தில் நான்கு முந்திரி. வரப்பில் பனை. இவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில் ஆரோவில் நகரத்துக்காக அந்த மேட்டில் நிலம் வாங்கினார்கள், தாத்தா விற்றார். கடன் இருந்தது, விலை கிடைத்தது, விற்றார். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவத் தாழியில் போட்டு நகரத்தைத் தொடங்கி வைத்தார்கள். ஐயாயிரம் பேர் கூடியதாகச் சொல்வார்கள். அந்தப் பொட்டலில் நிழல் என்று சொல்ல ஓர் ஆலமரம் இருந்தது. அதைத்தான் நகரத்தின் நடுவாக வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. தாத்தா விற்ற கொல்லைக்குப் பக்கத்திலேயே ஆயா கூலிக்குப் போனாள். வேலை என்ன தெரியுமா? கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. மாட்டு வண்டியில் பீப்பாய் வரும். குடத்தில் மொண்டு குழி குழியாக ஊற்ற வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்வாள்: "மல்லாட்ட போட்ட எடத்துல முள்ள நட்டு வச்சிட்டு அதுக்குத் தண்ணி ஊத்தச் சொல்றாங்கடா. அதுக்குக் கூலி வேற குடுக்கறாங்க." ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது.

மேடு எப்படி இருந்தது என்று இந்தத் தம்பிகளுக்குத் தெரியாது. ஐப்பசியில் ஒரு மழை அடித்தால் செம்மண் கரைந்து ஓடைகள் இரத்தம் போல இறங்கும். கடல் ஓரம் கொஞ்ச தூரத்துக்குச் சிவப்பாகவே கிடக்கும். ஓடைகள் என்றால் சின்ன ஓடை இல்லை, ஆளை விழுங்குகிற பள்ளம். வருடத்துக்குச் சராசரியாக 120 சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற இடம் இது. ராமநாதபுரத்துக்காரர் கேட்டால் பொறாமைப்படுவார். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பத்துப் பதினைந்து பெருமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். செம்மண்ணின் மேல் தோல் இறுகிப்போனால் தண்ணீர் உள்ளே இறங்காது. தன்னோடு மண்ணையும் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போகும். ஆகவே அந்த மேடு பாலையானதற்கு மழை இல்லாததில்லை காரணம். பெய்த மழை தங்காததுதான்.

இதற்குப் பக்கத்து ஊர் இரும்பையின் மாகாளேசுவரர் கோயிலில் வேறொரு காரணம் சொல்வார்கள். குடத்தைப் போட்டு உடைத்த ஆண்டியைப் பற்றிப் பாடிய கடுவெளிச் சித்தர் அரச மரத்தடியில் தவம் இருந்தாராம். புற்று மூடிவிட்டது. நாட்டில் மழை இல்லை, இவர் தவத்தின் வெக்கைதான் காரணம் என்று அரசன் பயந்தான். மரத்திலிருந்து விழுகிற இலைக்காகச் சித்தர் கை நீட்டுவார் என்று தெரிந்துகொண்ட ஒரு நாட்டியக்காரி அந்தக் கையில் அப்பளத்தை வைத்துத் தவத்தைக் கலைத்தாள். பிறகு ஒரு திருவிழாவில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழ, சித்தர் எடுத்து மாட்டிவிட, கூட்டம் கேலி பேச, அவர் சிவனைக் கூப்பிட, லிங்கம் வெடித்தது. இந்த வட்டாரம் பொட்டலாகப் போகட்டும் என்று சாபம். அரசன் காலில் விழுந்ததும், வெகு காலம் கழித்துத் தூர தேசத்து ஆட்கள் வந்து இதைப் பசுமையாக்குவார்கள் என்று விமோசனம். கடைசித் துண்டு ஐம்பது வருடத்துக்குள் ஒட்டவைத்ததாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்பளம் மட்டும் பழையது என்று நம்புகிறேன்.

சரி, எப்படித் திருத்தினார்கள்? இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

காடு வளர்த்தார்கள் என்றால் மரம் நட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே முதல் வேலை மண் வேலை. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, வரப்புக்குப் பின்னால் வரப்பு. ஓடைத் தலையில் சின்னத் தடுப்பு, கீழே இன்னொன்று. ஓடுகிற தண்ணீரை நடக்க வை, நடக்கிறதை நிற்க வை, நிற்கிறதை இறங்க வை என்று நீர்வடிப் பகுதி வேலைக்காரர்கள் சொல்வார்களே, அதேதான். எங்கள் ஊர் ஆட்கள் நூற்றுக்கணக்கில் மண்வெட்டியும் கூடையுமாகப் போனார்கள். ஏரிக் கரை போட்டுப் பழகின கை. சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலை இல்லை.

வரப்புக்குள் தண்ணீர் நின்றதும் எது பிழைக்கிறதோ அதை நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேல மரவகை ஒன்று, அக்கேசியா ஆரிக்குலிஃபார்மிஸ் என்று பெயர், அங்கே 'வொர்க் ட்ரீ' என்பார்கள். பெயருக்கேற்ற உழைப்பாளி. எந்தக் கெட்ட மண்ணிலும் நான்கு வருடத்தில் நிழல் தரும், இலை கொட்டும், வேரில் தழைச்சத்தைக் கட்டும். ஆயா 'முள்ளு' என்று சொன்னாளே, அதில் முள்ளே கிடையாது. வேலம் என்றால் முள் இருக்கும் என்று அவளாக முடிவு கட்டிவிட்டாள்.

அந்த நிழலுக்குள்தான் உள்ளூர் மரங்கள் வந்தன. எந்த உள்ளூர் மரம்? இது லேசான கேள்வி இல்லை. நூற்றாண்டுக் கணக்காக மல்லாட்டையும் வரகும் விளைந்த நிலத்தில் அதற்கு முன்னால் என்ன நின்றது என்று யாரைக் கேட்பது? நம் வட்டத்திலேயே திருவக்கரையில் பழைய மரங்கள் இருக்கின்றன. ஆனால் அவை இரண்டு கோடி வருடத்துக்கு முந்தையவை, கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றிடம் கேட்டுப் பயனில்லை.

ஸ்காட்லாந்தில் இதே கேள்வியை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். கேரிஃப்ரன் என்று ஒரு பள்ளத்தாக்கு. காலம் காலமாக ஆடு மேய்ந்து புல்லைத் தவிர ஒன்றும் இல்லாமல் போன இடம். 1990இல் அதன் மேல்பக்கம் ஒரு சதுப்பில், மலையில் நடக்கப் போன ஒருவர் உடைந்த வில் ஒன்றைக் கண்டெடுத்தார். யூ மரத்தில் செய்தது. ஆராய்ந்தால் ஏறத்தாழ 6,000 வருடப் பழையது. வில் கிடைத்த சதுப்பைத் தோண்டி, அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத் தூளை எண்ணிப் பார்த்தார்கள். எந்தக் காலத்தில் என்ன மரம் நின்றது என்று பத்தாயிரம் வருடக் கணக்கு அதில் இருந்தது. அந்த வட்டாரத்துச் சாதாரண ஜனங்கள் ஒன்றுசேர்ந்து வசூல் செய்து, சுமார் 1,600 ஏக்கர் பள்ளத்தாக்கை விலைக்கு வாங்கி, 2000 ஜனவரி முதல் தேதி முதல் கன்றை நட்டார்கள். இதுவரை ஐந்து லட்சத்துக்கு மேல் நட்டிருக்கிறார்கள். விதை எல்லாம் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சி நின்ற மரங்களில் பொறுக்கியது.

நமக்கு மகரந்தம் எண்ண வேண்டிய அவசியம் இல்லை. நமக்கு ஐயனார் இருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டுக்குப் போயிருப்பீர்கள். குலதெய்வம் கும்பிட, மொட்டை போட, கிடா வெட்ட. மஞ்சனீசுவர ஐயனாரைச் சுற்றி நிற்கிற அந்த அடர்த்திதான் நம் கொல்லைகளில் ஒரு காலத்தில் நின்றது. வீரை, காயா, இரும்பிலி, உலக்கைப்பாலை, நாவல், மகிழம். உயரம் முப்பது நாற்பது அடிக்கு மேல் போகாது. ஆனால் வெயில் தரையைத் தொடாது, சித்திரையிலும் இலை உதிராது. இந்தக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். பெயரிலேயே ஒரு சண்டை இருப்பது போலத் தோன்றும். மூன்று மாத மழையை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் பச்சையாக நிற்கிற சாமர்த்தியம் அது. தடித்த சின்ன இலை, ஆழமான வேர். இந்தியாவின் காட்டு வகைகளைச் சாம்பியனும் சேத்தும் பட்டியல் போட்ட திருத்திய பதிப்பு 1968இல் வந்தது. ஆரோவில் தொடங்கிய அதே வருடம். அந்தப் பட்டியலில் இதற்குத் தனியிடம் உண்டு. நிலத்தில் இதற்கு மிஞ்சிய இடம் பெரும்பாலும் கோயில் காடுகள்தான். புதுவைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கீழ்ப்புத்துப்பட்டில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி அளந்திருக்கிறார்கள்.

1973இல் மேட்டில் பிச்சாண்டிக்குளம் என்ற இடத்தில் ஜாஸ் புரூக்ஸ் என்கிற ஆஸ்திரேலியர் குடியேறினார். சென்னை அடையாற்றுத் தொல்காப்பியப் பூங்காவை மீட்டெடுத்ததிலும் பின்னாளில் அவருக்குப் பங்குண்டு. அவரும் அவரைப் போன்றவர்களும் செய்த காரியம், இப்படிப்பட்ட கோயில் காடுகளைத் தேடி அலைந்து விதை பொறுக்கியது. இந்த மரங்களில் பலவற்றின் விதையை டப்பாவில் போட்டு வைக்க முடியாது. பழம் விழுந்த சில நாளில் மண்ணுக்குப் போகாவிட்டால் செத்துவிடும். ஆகவே எந்த ஊரில் எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? நம் வைத்தியர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், களாப்பழம் விற்கிற கிழவிகள். புத்தகத்தில் லத்தீன் பெயர் இருக்கும். வைகாசியிலா ஆனியிலா என்று மேய்ப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

நட்டது பாதி, வந்து சேர்ந்தது மீதி. வொர்க் ட்ரீ கிளையில் கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்து எச்சமிட்டால் அடியில் ஒரு வேம்போ நாவலோ முளைக்கும். மரநாய் ஒரு பக்கம், வௌவால் ஒரு பக்கம் விதை போட்டன. நரி திரும்பியது, முள்ளம்பன்றி திரும்பியது. இருபது லட்சம் மரத்துக்கு மேல் நட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது 2011இல் நடந்தது.

அந்த டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் நம் தலை மேலேயே கரை ஏறியது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் போன வீடுகள் இந்தக் கூடத்திலேயே இருக்கும். மேட்டிலும் வொர்க் ட்ரீக்கள் சாய்ந்து கிடந்தன. மேலோட்டமான வேர், வயதும் ஆகிவிட்டது. காடே போயிற்று என்று பார்த்தவர்கள் அழுதார்கள். ஆனால் விழுந்ததை அப்புறப்படுத்தினால் அடியில் வீரையும் காயாவும் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தன. கூரை பிரிந்து வெளிச்சம் வந்ததும் அவை எழுந்துகொண்டன. நாற்பது வருடம் தாதி வேலை பார்த்த மரம் போய், பிள்ளை எழுந்து நடந்தது மாதிரி. அதற்குப் பிறகுதான் மேட்டில் இருப்பது தோப்பு இல்லை, காடு என்று எனக்குத் தோன்றியது. சவுக்குத் தோப்பு சாய்ந்தால் அடியில் ஒன்றும் இருக்காது, சவுக்கு முள்தான் இருக்கும். சவுக்கு வைக்கலாம் என்று சொன்னவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். சவுக்கு நல்ல வெள்ளாமை. வெள்ளாமையை வெள்ளாமை என்றே சொல்வோம்.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. இனிமேல் சொல்லப் போவதற்காகத்தான் நான் வந்தேன்.

ஒரு கொல்லை காடாகும்போது சிலர் சிலதை விட்டுக்கொடுக்கிறார்கள். ஆடு மேய்ந்த இடம் போகிறது. விறகு பொறுக்கிய இடம் போகிறது. களை எடுத்துக் கிடைத்த கூலி போகிறது. பட்டா வைத்திருப்பவர் விட்டுக்கொடுப்பது கண்ணுக்குத் தெரியும். அவர் பெயரைப் பலகையில் எழுதுவார்கள். ஆட்டுக்காரி விட்டுக்கொடுப்பது எந்தப் பலகையிலும் வராது. மேட்டிலும் ஆரம்ப வருடங்களில் ஆட்டோடுதான் பெரிய போராட்டம். கன்றை நட்டால் ஆடு கடிக்கும். கிளுவை வேலி, கத்தாழை வேலி என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். அங்கே ஒன்று நடந்தது. சுற்றியிருந்த ஊர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. தச்சு, கட்டடம், சமையல், தோட்டம். ஆடு விட்டவள் கூலிக்குப் போனாள், என் ஆயா மாதிரி. உங்கள் 11 ஏக்கர் அப்படி வேலை கொடுக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு ஏரிக் கரைப் புறம்போக்கில், பெயர் வேண்டாம், சில நல்ல மனசுக்காரர்கள் ஒரே நாளில் இரண்டாயிரம் கன்று நட்டார்கள். பந்தல், மைக்செட், டி-ஷர்ட், பிரியாணி. முள்கம்பி வேலி. கேட்டுக்குப் பூட்டு. சாவி நகரத்தில் ஒருவரிடம். அடுத்த பங்குனியில் ஒரு மத்தியானம் புல் பற்றிக்கொண்டது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது, அதாவது எல்லாருக்கும் தெரியும். அணைக்க ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. சாவி இல்லாத காட்டுக்கு எதற்காக ஓட வேண்டும்?

இப்போது வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏரி சுமார் 30 ஹெக்டேர். நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் குறைவாகவே போதும் என்று அந்த ஊர் விவசாயிகள் கண்டுகொண்டார்கள். பறவையைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றிச் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் பறவைகளைக் காக்கிற அவர்கள் உரிமையை ஒப்புக்கொண்டு கவுல் என்கிற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858இல் அதைப் புதுப்பித்தார்கள். சரணாலயம் என்ற வார்த்தை வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்த ஊர்க்காரருக்கு அதில் ஒரு பாத்தியம் இருந்தது. பறவை போனால் அவர் வயலுக்கு நஷ்டம். அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று சொல்லி ஆச்சரியப்படுவார்கள். ஆச்சரியம் எனக்கு இல்லை.

இல்லையென்றால் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. கிராம சபைகளில் தீர்மானம், கடையடைப்பு, மதுரைக்கு நடை. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரசிதழ் அறிவிப்பு அந்த மலையைக் காப்பாற்றியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் காப்பாற்றினார்கள். மலை அவர்கள் சாமி, மலையடிவாரத்து ஏரி அவர்கள் பாசனம்.

மேட்டுக் காட்டுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே காட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் நாற்பது ஐம்பது வருடம் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. 1988ஆம் வருடச் சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பிடம் இருக்கிறது. 2021 டிசம்பரில் நகரத் திட்டத்தில் உள்ள வட்டச் சாலைக்காக மரங்களை அகற்ற இயந்திரங்கள் வந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2022 ஏப்ரலில் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சாலையா மரமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டு பக்கமும் அங்கேயே வாழ்கிறவர்கள். நான் கவனித்தது வேறு. சுற்றியிருக்கிற ஊர்களில், எங்கள் ஊர் உட்பட, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. என் ஆயா தண்ணீர் ஊற்றிய மரங்களாகவும் அவை இருக்கலாம். "அது அவங்க காடு, அவங்க பாத்துக்குவாங்க" என்றார்கள்.

ஆகவே உங்களிடம் வருகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2002இல் திருத்தியபோது சமூகக் காப்பகம் என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். தனியார் நிலத்தையோ ஊர்ப் பொது நிலத்தையோ அதன் உடையவர்கள் தாங்களாக முன்வந்து கொடுத்தால் மாநில அரசு அறிவிக்கலாம். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். தனியார் நிலம் என்றால் உடையவரும் வனத்துறைப் பிரதிநிதியும் பஞ்சாயத்துப் பிரதிநிதியும் கொண்ட குழு நிர்வாகம் பார்க்கும். கேரளத்துக் கடலுண்டி-வள்ளிக்குன்று 2007 முதல் இப்படி இருக்கிறது. ஆனால் ஒரு முடிச்சு: அறிவித்துவிட்டால், குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. நாளைக்குப் பேத்தி கல்யாணத்துக்கு அரை ஏக்கரை மனையாக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. முடிச்சு நல்லதா கெட்டதா என்பது உங்கள் வீட்டுக் கணக்கைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் முதல் ஐந்து வருடம் அரசாங்கத்திடம் போகவே வேண்டாம். நான்கு குடும்பமும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள், போதும். ஐந்து வருடம் தாங்கினால் பிறகு யோசிக்கலாம்.

நிலத்து வேலை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வரப்பு கட்டத் தெரிந்தவர்கள் நீங்கள். முதல் வருடம் ஒரு கன்றும் நடாதீர்கள். சரிவைப் பார்த்து வரப்பு போடுங்கள். மழை வந்து எங்கே நிற்கிறது, எங்கே உடைக்கிறது என்று ஒரு பருவம் முழுக்கப் பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டி மழை கொட்டியது; அந்த மாதிரி நாளில் தண்ணீர் வெளியேறவும் வழி வேண்டும், மடை வைக்காத வரப்பு அன்றைக்கே போய்விடும். சீமைக்கருவேலத்தை ஒரேயடியாகப் பிடுங்கித் தரையை அம்மணமாக்காதீர்கள். துண்டு துண்டாக எடுங்கள், விறகு யாருக்கு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பனை மேல் கை வைக்காதீர்கள். அந்தக் களாச் செடிக்கு மட்டும் இன்றைக்கே நான்கு முள் வெட்டிப் போடுங்கள். வெளிநாட்டு மரம் வேண்டியதில்லை. உங்கள் மண் மேட்டு மண்ணைப் போல அவ்வளவு கெட்டுப்போகவில்லை. மியாவாக்கி முறையில் நெருக்கி நடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். நகரத்தில் ஒரு மூலைக்கு அது சரி. 11 ஏக்கருக்கு அந்தச் செலவு யார் தருவது?

மயில் வரும். அதையும் சொல்லிவிட வேண்டும். காடு என்றால் உங்களுக்கு மரமும் நிழலும்; பக்கத்துக் கொல்லைக்காரருக்கு மயிலும் காட்டுப்பன்றியும். அவர் மல்லாட்டையை மயில் கிளறினால் உங்கள் காட்டைத்தான் திட்டுவார், நியாயமாகத்தான் திட்டுவார். அவரையும் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்தக் கூடத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள்.

(இரண்டு கைகள் உயர்ந்தன.)

ஊரில் எத்தனை ஆடு இருக்கும்? நூற்றைம்பதா, இருநூறா? நான் மத்தியானம் கொல்லையைப் பார்க்கப் போனபோது அங்கேயே நாற்பது உருப்படி மேய்ந்துகொண்டிருந்தது. மேய்த்த அம்மாவிடம் பேசினேன். அந்தக் களாச் செடி ஏழு வருடமாக ஏன் பிழைத்திருக்கிறது என்று அவர்தான் சொன்னார்: பேரனுக்குக் களாக்காய் பிடிக்கும், ஆட்டை அந்தப் பக்கம் விடுவதில்லையாம். இன்றைக்கு நூலகத்தில் கூட்டம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஐந்து மணிக்கு வர முடியாது; ஆடு அப்போதுதான் பட்டிக்குத் திரும்பும்.

அதனால் நான்கு குடும்பத்துக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். தாளில் இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். அடுத்த கூட்டத்தை இங்கே வைக்காதீர்கள். மேற்குத் தெருவில் வையுங்கள், ஆடு அடைத்த பிறகு, ஏழரை மணிக்கு. எந்தப் பக்கத்தை எத்தனை வருடம் விட்டுவைப்பது, எந்தப் பக்கம் மேய்ச்சல், புல் அறுக்க யாருக்கு உரிமை என்பதை அங்கே ஆட்டுக்காரர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு போன் போடுங்கள். கடைசி பஸ் போய்விட்டால் யார் வீட்டுத் திண்ணையிலாவது படுத்துக்கொள்கிறேன்.